செவலையின் நான்காவது அடி

சனிக்கிழமை படப்பிடிப்பு. வியாழக்கிழமை காலை வரை ஹாலாஸ்யம் மொக்கையனைக் கேட்கவில்லை.

கேட்காமல் வாசிக்கக் கூடாத பாட்டு அது. இருவரும் சேர்ந்து போட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இனி அதை எங்கேயும் வாசிக்க மாட்டேன் என்று ஓர் இன்லண்ட் லெட்டரில் எழுதி ஹாலாஸ்யம் அவனுக்கு அனுப்பினான். பதில் வரவில்லை. கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து மொக்கையனின் சைடு டிரம்மை இழுத்தான். விஜயத்தின் பழைய புடவை அதைச் சுற்றியிருந்தது.

"அதை எங்கே தூக்கிண்டு கிளம்பறேள்?" என்றாள் விஜயம்.

"உசிலம்பட்டிக்கு."

"கல்யாணம் ஆன நாளா இதைச் சுத்திச் சுத்திப் பெருக்கிண்டிருக்கேன். அவர் வாங்கிக்கலேன்னா திரும்பக் கொண்டு வராதேங்கோ."

"சரி."

"சாப்பிட்டுட்டுப் போங்கோ. திட்டு வாங்கறதுக்கும் தெம்பு வேணும்."

சாப்பிட்டான். தபால் ஆபீசுக்கு லீவு எழுதி எதிர்வீட்டு ஆளிடம் கொடுத்துவிட்டு பழங்காநத்தத்திலிருந்து பஸ் ஏறினான்.

குழுவின் பெயர் பிளாட்பாரம் நாலு. கல்லூரியில் ஆரம்பித்தது. நாலு பேர். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்ற ஒரே விதி. ஹாலாஸ்யம் எலெக்ட்ரிக் கிடார். தன் ஸ்பீக்கரின் காகிதத்தை பிளேடால் மூன்று இடத்தில் கீறியிருந்தான். கம்பியைத் தொட்டால் பழைய லாரி மேடேறுகிற சத்தம் வரும். மொக்கையன் டிரம்ஸ். என்.சி.சி. அணிவகுப்பில் அடித்துக் கற்றவன்.

மொக்கையன் வீட்டில் செவலை என்று ஒரு மாடு இருந்தது. கிணற்று மேட்டில் சரிந்து பின்னங்கால் ஒடிந்தது. அவன் அப்பா அதை அடிமாட்டுக்குக் கொடுக்கவில்லை. அதனிடம் வேலையும் வாங்கவில்லை. மொக்கையன் சனி ஞாயிறு ஊருக்குப் போய் திங்கட்கிழமை கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம் வரை பின்னாலேயே வரும். மூன்று அடி முழுசாக விழும். நான்காவது பாதிதான் விழும். எட்டு எண்ண வேண்டிய இடத்தில் ஏழு. அவன் அதை அப்படியே டிரம்மில் அடித்தான். ஹாலாஸ்யம் அதன் மேல் ஒரு மெட்டு வைத்து, செவலை வருது பார் என்று ஆரம்பித்தான். அவர்கள் போட்டதிலேயே நல்ல பாட்டு அதுதான். இருவருக்கும் தெரியும்.

எழுபத்தொன்பதில் திருமங்கலத்தில் ஒரு சங்க விழா. ஆயிரம் பேர் இருந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் கைதட்டப் பார்த்தார்கள். தட்டு சேரவில்லை. முன்வரிசையில் ஒருவன் எழுந்து நொண்டி நொண்டி நடந்து காட்டினான். கூட்டம் சிரித்தது. இன்னும் நாலு பேர் நொண்டினார்கள். ஹாலாஸ்யம் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். சத்தம் நின்றது. மைக்கில், "மன்னிக்கணும், உங்க விருப்பப் பாட்டைச் சொல்லுங்க" என்றான்.

மொக்கையன் குச்சிகளை டிரம்மின் மேல் வைத்தான். பின்படி வழியாக இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். அந்த மாதம்தான் செவலை செத்திருந்தது. ஹாலாஸ்யத்துக்கு அது பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் எழுதியதுதான் அந்த இன்லண்ட் லெட்டர்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஸ்யாமளா. டி.வி.யில் சிறுவர் நிகழ்ச்சி தயாரிக்கிறவர். மதுரையில் படித்தபோது அவர்கள் வாசித்ததைக் கேட்டவர். "உங்கள் ஸ்பீக்கரில் அந்தக் கிழிசல் இன்னும் இருக்கிறதா? எங்கள் பொம்மைப் பூதத்துக்குக் குரல் வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

போனான். பூதம் பேசவேண்டிய இடத்தில் கிடாரை உறும விட்டான். பிறகு காக்கைக்கு, குப்பை லாரிக்கு, தும்மல் பிடித்த யானைக்கு. மாதம் ஒருமுறை ராத்திரி ரயிலில் போய் வந்தான். பூதத்துக்கு வாரம் நாற்பது போஸ்ட்கார்டு வந்தது. பிளாட்பாரம் நாலுக்கு ஐந்து வருஷத்தில் ஒரு கார்டு வந்ததில்லை.

இந்த மாதம் ஸ்யாமளா மதுரைக்கே வருவதாகச் சொன்னார். மதுரைப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பாகம். ஒரு மாட்டுப் பொம்மை செய்திருக்கிறோம், மாட்டுக்குப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று அவன் வாய் சொல்லிவிட்டது. கேசட்டில் பாடி அனுப்பினான். அவருக்குப் பிடித்துப் போயிற்று.

பஸ்ஸில் கண்டக்டர் புடவைச் சுருளைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி, மேளமா? கல்யாணமா, கருமாதியா?"

"இன்னும் தெரியலைண்ணே."

"அப்ப மடியில வச்சுக்கங்க. ரெண்டுக்கும் கிழியாம போய்ச் சேரணும்ல."

மொக்கையனின் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே மூன்று மைல். வீட்டு முன்னால் ஒரு டிராக்டர் நின்றது. அதற்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. வாசலில் புளி கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கிடார் அண்ணன்தானே?"

"எப்படிம்மா தெரியும்?"

"உள்ள போட்டோ இருக்கு. அதுல தாடி வச்சிருக்கீங்க." டிராக்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, போட்டோவுல இருக்கிறவுக வந்திருக்காக."

கால்கள் அசையவில்லை. சற்று நேரம் கழித்து மொக்கையன் வெளியே வந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. முழங்கை வரை கிரீஸ். புடவைச் சுருளைப் பார்த்தான். அது என்னவென்று கேட்கவில்லை.

"வாங்க. உக்காருங்க."

அவன் ஹாலாஸ்யத்தை வாங்க என்று சொன்னதே இல்லை. ஹாலாஸ்யம் கவிழ்த்துப் போட்டிருந்த உரலின் மேல் உட்கார்ந்தான்.

"முத்துத்தாயி, ஐயருக்கு மோர் குடு."

"குடுக்கத்தான் போறேன். நீங்க கைய கழுவுங்க."

மொக்கையன் கழுவவில்லை. ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றான். ஹாலாஸ்யம் சொன்னான். டி.வி., பொம்மை, சனிக்கிழமை, பழங்காநத்தத்துப் பள்ளிக்கூடம். கேட்காமல் கேசட் அனுப்பிவிட்டதையும் சொன்னான்.

"கேசட்டு இருக்கா?"

"இருக்கு."

முத்துத்தாய் வீட்டுக்குள்ளிருந்து டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தாள். ஹாலாஸ்யம் தன்னிடமிருந்த பிரதியைப் போட்டான். கிடாரும், பிஸ்கட் டின்னில் தட்டுகிற சத்தமும், அவன் குரலும் வந்தன. செவலை வருது பாரு, செவலை வருது பாரு.

மொக்கையன் கடைசி வரை கேட்டான்.

"மாடு நல்லா நடக்குதே" என்றான். "காலு சரியாயிருச்சு போல."

ஹாலாஸ்யம் மோர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பார்ங்கிறத பாருன்னு இழுத்து எட்டாக்கிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஏழு வராதுன்னு..."

"அந்தம்மா சொல்லுச்சா?"

"இல்ல. நானாத்தான் நினைச்சேன்."

"நீங்களாவா."

"ஆமா."

மொக்கையன் தலையாட்டினான். எதிர்பார்த்த ஒன்று வந்து சேர்ந்ததைப்போல.

பள்ளிக்கூடம் விட்டு ஒரு சிறுமி வந்தாள். ஆறு வயது இருக்கும். பைக்கட்டைப் புளிக்குப் பக்கத்தில் போட்டாள். டேப் ரெக்கார்டர் வெளியே இருந்ததில் அவளுக்குச் சந்தோஷம். பட்டனை அமுக்கினாள். நாடா இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதே பாட்டு இன்னொரு தடவை வந்தது.

"அப்பா, இது செவலைப் பாட்டு."

இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

"தப்பாப் பாடுறாங்க" என்றாள். "செவலை இப்படியா நடக்கும்?" காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். மூன்று முழு அடி. நான்காவது பாதி. எண்ணவில்லை. தட்டிக்கொண்டே பாடினாள். செவலை வருது பார். பிசகவில்லை.

ஹாலாஸ்யம் மொக்கையனைப் பார்த்தான். மொக்கையன் ஸ்பேனரைத் துடைத்தான். அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

"சோறு திங்க மாட்டேங்கிறா" என்றான். "தட்டுனா ரெண்டு வாய் வாங்குவா."

"ரெண்டு வாயா?" என்றாள் முத்துத்தாய். "இவ பொறந்ததுலருந்து இந்த வீட்டுல அந்த மாடுதான் நடந்துக்கிட்டு இருக்கு."

"நீ புளியப் பாரு."

சிறுமியின் பெயர் சீனியம்மாள். அவள் ஹாலாஸ்யத்தின் பக்கம் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க செவலையப் பாத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. என் கைய நக்குச்சு."

"எங்கப்பாவையும் நக்குமாம்."

ஹாலாஸ்யம் எழுந்தான். புடவையோடு டிரம்மை உரலின் மேல் வைத்தான்.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு. நீ வந்து அடிச்சா ஏழுல வாசிக்கிறேன். வேண்டாம்னா அந்தம்மாகிட்ட வேற பாட்டு குடுத்துர்றேன்."

"நான் எங்கயும் வரல."

"சரி."

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அது நடந்தபடி வாசிச்சா பிள்ளைக சிரிப்பாங்க. பொம்மை மாடு நொண்டுனா சிரிக்கத்தான் செய்வாங்க. சிரிச்சா நிப்பாட்டுவீங்கள்ல?"

மாட்டேன் என்பது ஹாலாஸ்யத்துக்கு வாய் வரை வந்தது. இன்லண்ட் லெட்டரில் எழுதியதும் ஒரு வாக்குதான் என்று தோன்றியது.

"தெரியல" என்றான்.

மொக்கையன் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு டிராக்டருக்கு அடியில் போய்விட்டான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை ஹாலில் பாய் விரித்து உட்கார வைத்திருந்தார்கள். எண்ணெய் வைத்து வாரிய தலைகள். விளக்குகளின் சூடு. சத்தம் வரும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் கறுப்புத் துணி போர்த்திய நீள மேசை. அதற்குப் பின்னால் பொம்மை ஆட்டுகிற அழகுமலை முழங்காலிட்டிருந்தார். அவர் கையில் செவலை நிறத்தில் துணி மாடு. ஒரு கொம்பு வளைந்திருந்தது.

ஸ்யாமளா கையில் கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்திருந்தார்.

"பதினொரு மணிக்குக் கரண்ட் போயிடுமாம். லைன்ல வேலையாம், நேத்தே சொல்லிட்டாங்க. பூதம் முடிஞ்சாச்சு. மாட்டுக்கு ஒரே டேக்தான் சார்."

மணி பத்தே முக்கால். ஹாலாஸ்யம் வாசலைப் பார்த்தான்.

"யாரையாவது எதிர்பார்க்கிறீங்களா?"

"இல்ல. வேற ஒரு பாட்டு வாசிக்கட்டுமா? குரங்குப் பாட்டு ஒண்ணு இருக்கு."

"மாட்டை வச்சுக்கிட்டா?"

அப்போது வாசலில் சீனியம்மாள் தெரிந்தாள். பாவாடை சட்டை, இரட்டைப் பின்னல். அவளுக்குப் பின்னால் மொக்கையன். டிரம்மைத் தோளில் மாட்டியிருந்தான். விஜயத்தின் புடவை மடித்துக் கக்கத்தில் இருந்தது.

"பிள்ளை டி.வி. எடுக்கிறதப் பாக்கணும்னு ஒரே அழுகை" என்றான் ஹாலாஸ்யத்திடம். "அதான் கூட்டியாந்தேன்."

"நான் அழல" என்றாள் சீனியம்மாள்.

ஸ்யாமளா டிரம்மைப் பார்த்தார். "கேசட்ல இது இல்லையே."

"கேசட்டு தப்பு" என்றான் ஹாலாஸ்யம்.

"எது தப்பு?"

"மாடு நொண்டும். நான் நேரா நடக்க விட்டுட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அழகுமலையிடம் போய், மாடு நொண்டுமாம் என்றார். எந்தக் கால் என்று அழகுமலை கேட்டார். மொக்கையன் மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தான். பொம்மைக்குள் இருந்த கையைப் பிடித்து இரண்டு தடவை நடத்திக் காட்டினான். பின்பக்கம் வலது என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்து டிரம்மைச் சாய்த்து வைத்தான். சீனியம்மாள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். சைலன்ஸ் என்றார்கள்.

மொக்கையன் ஆரம்பித்தான். இரண்டு சுற்று தனியாக அடித்தான். மூன்றாவதில் ஹாலாஸ்யம் சேர்ந்தான். லாரி மேடேறியது. மேசையின் ஓரத்திலிருந்து துணி மாடு எட்டிப் பார்த்தது. நடக்க ஆரம்பித்தது. மூன்று அடி நேராக. நான்காவதில் அதன் பின்பக்கம் சரிந்து ஆடியது.

கடைசி வரிசையில் ஒரு பையன் சிரித்தான்.

அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். பிறகு முப்பது பேரும் சிரித்தார்கள். இருவர் பாயில் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சரிந்து காட்டினார்கள்.

ஹாலாஸ்யத்தின் உள்ளங்கை கம்பிகளுக்கு நேராக வந்தது. அதற்கு அந்த வழி தெரியும். மொக்கையனைப் பார்த்தான். மொக்கையன் அவனைப் பார்க்கவில்லை. டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அடி மெலிந்தது. குச்சிகள் தோலுக்கு மிகப் பக்கத்தில் வந்திருந்தன. கீழே வைக்கப் போகிறவனுடைய கைகள்.

ஹாலாஸ்யம் கையைத் திருப்பினான். கிடாரின் சத்தத் திருகைக் கடைசி வரை முறுக்கினான். ஸ்பீக்கரின் கிழிசல் முழுவதும் திறந்தது. முதல் வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அவன் பாடினான். செவலை வருது பார். பார் என்பதை இழுக்கவில்லை. வெட்டி விட்டான். மாடு சரிந்தது. மறுபடி பாடினான். நிறுத்தவில்லை.

நாலாவது சுற்றில் குச்சிகள் உயர்ந்தன. அடி கனமாக விழுந்தது.

பிள்ளைகள் கடைசி வரை சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தட்டினார்கள். மாடு சரிகிற இடத்தில்தான் தட்டினார்கள். எப்போது ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவரும் எண்ணவில்லை. முப்பது ஜோடிக் கைகள் நான்காவது அடியில் ஒன்றாக விழுந்தன. மாடு மேசையின் மறு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தது. இறங்கியது.

ஸ்யாமளா கையை உயர்த்தியபடி சற்று நேரம் நின்றார். பிறகு இறக்கினார்.

"ஓ.கே." என்றார்.

விளக்குகள் அணைந்தன. அவர் அணைக்கச் சொல்லவில்லை. மணி பதினொன்று.

ஹால் இருட்டாயிற்று. யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள். கடைசி வரிசைப் பையன் எழுந்து டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முதலில் சிரித்தவன்.

"அந்த மாட்டுக்குக் கால்ல என்ன?"

"கிணத்து மேட்டுல சரிஞ்சிருச்சு" என்றான் மொக்கையன்.

"வலிக்குமா?"

"மொத மொத வலிச்சிருக்கும். அப்புறம் பழகிருச்சு."

"அதுக்கு என்ன வேலை?"

"வேலை இல்ல. என்னைய பஸ் ஏத்தி விடும்."

பையன் யோசித்தான்.

"திரும்ப நடக்கச் சொல்லுங்க" என்றான்.

பின்னால் இன்னும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அழகுமலை வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாட்டை மறுபடி கையில் மாட்டினார். கேமராக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இது டி.வி.யில் வராது என்று ஸ்யாமளா பிள்ளைகளிடம் சொன்னார். பரவாயில்லை என்றார்கள்.

மொக்கையன் அடித்தான். மாடு நடந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றி நடந்தார்கள். சீனியம்மாள் முன்னால் நடந்தாள். எந்தக் கால் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஹாலாஸ்யம் கிடாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் இல்லாத கிடார். கம்பியைத் தொட்டால் கொசு பறக்கிற அளவுதான் சத்தம். அதைத் தொட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் இரைச்சலில் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் நிறுத்தினான்.

மொக்கையன் அடியை விடாமல், காலால் நாற்காலியை இழுத்து இழுத்து அவன் பக்கத்தில் வந்தான். தலையைக் கிடாரின் மேல் சாய்த்தான்.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்றான். "வாசி மாப்ள. கேக்குது."